ஒரே ரகம் நட்டால் குலை நோய்க்குக் கொண்டாட்டம்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் பொன்னி நெல் வயல்களில் குலை நோய் பயம் வந்துவிடும். இலையில் கண் வடிவப் புள்ளி விழும். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அதுவே கதிரின் கழுத்தில் விழுந்தால் கதிர் ஒடிந்து தொங்கும், மணி பதராகும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இன்னும் மோசம்.

இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் பரவுபவை. வரப்பு தாண்டியும் ஒரே ரகம் நின்றால், விழுந்த இடமெல்லாம் அவற்றுக்கு இரைதான். இடையிடையே நோயைத் தாங்கும் ரகம் இருந்தால், அதன் மேல் விழுவது வீணாகும். அடுத்த சுற்றுப் பரவலும் தளரும்.

இதைப் பெரிய அளவில் காட்டியது சீனாவின் யுன்னான் மாகாணம். அங்கே பசை அரிசிக்கு நல்ல விலை உண்டு. ஆனால் குலை நோய் எளிதில் பிடிக்கும். 1998, 1999இல் நோய் தாங்கும் வீரிய ஒட்டு நெல்லை நான்கு வரிசை நட்டு, நடுவே பசை நெல்லை ஒரு வரிசை நட்டார்கள். இரண்டாம் ஆண்டில் பரப்பு 3,342 ஹெக்டேர். தனியாக நட்ட பசை நெல்லோடு ஒப்பிட்டால் நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது, அந்த நெல்லின் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. பூஞ்சணக்கொல்லி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பசை நெல் உயரமானது என்பதால் காற்றும் வெயிலும் பட்டு இலை சீக்கிரம் உலர்ந்ததும் உதவியது.

நம் காவிரி டெல்டாவுக்கும் கலப்பு புதிதல்ல. குறுவை, ஒட்டடான் என்ற இரு நெல் வகைகளை ஒன்றாக விதைக்கும் ஊடு சாகுபடி அங்கே இருந்தது. ஆனால் அதன் நோக்கம் நோய்த் தடுப்பு அல்ல.

சிக்கல் அறுவடையில்தான். யுன்னானில் கையால் தனித்தனியே அறுத்தார்கள். இங்கே இயந்திரம் இறங்கினால் எல்லாம் ஒரே குவியல். கலப்பு நெல்லுக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் வரிசை வரிசையாக நடுவதைவிட, இயந்திரத்தின் அகலத்துக்கு ஏற்பப் பட்டை பட்டையாக நடுவதே நமக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். பட்டை அகலமானால் பலன் குறையலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ரகத் தேர்விலும் கவனம் தேவை: புதுவையின் பி.ஒய். 3, அதாவது பாரதிதாசன், புகையான் பூச்சியைத் தாங்கும் ரகம். அதை வைத்தே குலை நோயையும் தாங்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குரும்பாபேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, உங்கள் பொன்னிக்கு ஏற்ற, அதே வயதுடைய குலை நோய் தாங்கும் ரகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வரும் சம்பாவில் ஒரு துண்டு நிலத்திலாவது நட்டுப் பாருங்கள்.