பெட்டிக் கணக்கும் சரக்குக் கணக்கும்

கடைகளின் பேரேட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு பல வருஷங்களாகின்றன. ஆயினும், கிடங்கில் சோப்புப் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கையிலேயே “சோப்புக் கையிருப்பில் இல்லை” என்று அக்கணக்கு அறிவிக்கும் விநோதம் நிகழ்ந்துதான் வருகிறது. இது யந்திரத்தின் குற்றமன்று. கணக்கை வகுத்தவர்கள் இருவேறு பேதங்களை ஒன்றெனக் கருதியதன் விளைவேயாகும்.

சந்தன சோப்பும் வேப்ப சோப்பும் வெவ்வேறு சரக்குகள். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றைக் கொடுக்கலாகாது. 60 கட்டிகள் அடங்கிய பெட்டியோ வேறு சரக்கன்று, அதே சோப்பின் சிப்பமே. அதைப் பிரித்தால் ஒரு பெட்டி குறைந்து 60 கட்டிகள் ஏற வேண்டும். இரண்டையும் தொடர்பின்றித் தனித்தனியே பதிந்த கணக்கில் இது எங்ஙனம் நடைபெறும்?

ஜிஎஸ்1 என்னும் சர்வதேச ஸ்தாபனத்தின் விதிகள் இவ்விஷயத்தில் தெளிவானவை. மணமோ அளவோ வேறானால் எண்ணும் வேறு. பெட்டிக்குத் தனியே 14 இலக்க எண் தரலாம். பெட்டியில் 60 கட்டிகள் 72 ஆனால் பெட்டியின் எண் மாறும். கட்டியின் எண் மாறாது.

இதைப் பொருட்படுத்தாமல், “பெட்டிக்கு இத்தனை” என்பதைச் சரக்கின் பெயரோடு ஒரே இடத்தில் எழுதிவைப்பவர்கள், புதுப் பெட்டி வந்ததும் அத்தொகையைத் திருத்திவிடுகின்றனர். அக்கணமே பழைய பெட்டி ஒவ்வொன்றிலும் 12 கட்டிகள் கணக்கில் முளைக்கின்றன. இருப்பு எண்ணும் நாளில் அவை காணாமற்போகும். பழி கிடங்குக் குமாஸ்தாவின் தலையில் விழும். ஒருபோதும் இல்லாதிருந்த சோப்பைத் திருடியதாக ஒருவரைக் குற்றஞ்சாட்ட எந்தச் சட்டம் இடங்கொடுக்கும்? பெட்டியின் கொள்ளளவைப் பெட்டியின் எண்ணோடு பதிந்து, இருப்பைக் கட்டிக் கணக்கில் வைக்கும்படி மென்பொருள் செய்வோரை வியாபாரிகள் வற்புறுத்த வேண்டுமென்கிறோம்.