அயலூரில் காவல் நின்றவர்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி, பொட்டிபுரம்)

எங்கள் சமூக அறிவியல் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வருகிறது. ஹிட்லர், முசோலினி, சர்ச்சில் என்று தலைவர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் குண்டு விழுந்த தெருவுக்கு அன்றிரவு ஓடி வந்தவர்கள் யார் என்ற கேள்வி தேர்வில் வருவதில்லை. அப்படி லண்டன் தெருக்களில் ஓடியவர்களுள் இந்தியர்களும் இருந்தனர் என்று எங்கள் ஆசிரியை ஒருநாள் வகுப்பில் கூறினார். எனக்கு வியப்பாக இருந்தது. அதுபற்றிப் படித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

இருளில் மூழ்கிய நகரம்

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 7 முதல் ஏறத்தாழ இரண்டு மாத காலம் இரவுதோறும் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. 1941 மே வரை நீடித்த இத்தாக்குதலில் பிரிட்டன் முழுவதும் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர்.

போர்வீரர்கள் எல்லையில் நிற்கலாம். தெருவைக் காப்பது யார்? அதற்காக அமைந்ததே விமானத் தாக்குதல் தற்காப்புப் பணி. நம் நாட்டிலும் அதனை 'ஏ.ஆர்.பி.' என்றே அழைத்தனர். இப்பணியில் சேர்ந்த வார்டன்களில் பெரும்பாலோர் பகலில் தம் வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் ஊதியமின்றிக் காவல் நின்றவர்கள். பெண்களும் பலர் இருந்தனர்.

வார்டனின் வேலை என்ன? மாலை ஆனதும் தெருவில் நடந்து, எந்த வீட்டு ஜன்னலிலிருந்தாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கீற்று ஒளியும் பகை விமானத்திற்கு வழி காட்டிவிடக் கூடும். அபாயச் சங்கு ஊதியதும் மக்களைப் புகலிடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். குண்டு விழுந்தால் எங்கே விழுந்தது என்று தலைமை நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். சிறு தீயாயின், வாளித் தண்ணீரில் வைத்து அடிக்கும் கைப்பம்பினால் அணைக்க வேண்டும்.

இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. தம் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் உறங்குகிறார்கள் என்பதை வார்டன் அறிந்திருக்க வேண்டும். வீடு இடிந்துவிட்டால் எங்கே தோண்டுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அண்டை வீட்டாரை அறிந்திருப்பதே அங்கே உயிர் காக்கும் கருவியாயிற்று!

போகலாம் என்றிருந்தும் போகாதவர்கள்

அப்போது லண்டனில் அமெரிக்கர்கள் பலர் வாழ்ந்து வந்தனர். 1941 டிசம்பர் வரை அவர்கள் நாடு போரில் இறங்கவில்லை. தாயகம் திரும்பிவிடுமாறு அவர்களுடைய தூதரகம் அறிவுறுத்தியது. பலர் கப்பலேறினர். சிலரோ அங்கேயே தங்கி, காயமுற்றோரை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு ஏற்பாடு செய்தனர். அவற்றை ஓட்டியவர்களுள் பெண்கள் பலர்.

இந்தியர்களின் நிலையோ இன்னும் சிக்கலானது. நம் தலைவர்களிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியது பிரிட்டிஷ் அரசு. அதனைக் கண்டித்து 1939-இல் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உள்ளிட்ட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. லண்டனில் இருந்த இந்தியருக்கு, "இது உங்கள் போர், எங்களுக்கென்ன?" என்று கேட்க முழு நியாயமும் இருந்தது.

ஆனால் வி. கே. கிருஷ்ண மேனனைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர் அவர். 1924-இல் இங்கிலாந்து சென்றார். இந்தியா லீக் என்ற அமைப்பின் வழியே, இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்று இங்கிலாந்திலேயே ஓயாது பேசியும் எழுதியும் வந்தார். 1934 முதல் லண்டனின் செயின்ட் பாங்கிரஸ் பகுதியில் நகரமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவரே போர்க்காலத்தில் வார்டனாகவும் பணியாற்றினார். ஆட்சியை எதிர்த்தவர், அவ்வாட்சியின் தலைநகரில் வாழ்ந்த ஏழை எளியவரின் தெருவைக் காத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் கருதவில்லை. 1955-இல் அதே செயின்ட் பாங்கிரஸ் அவருக்குத் தன் உயரிய கௌரவத்தை வழங்கியது.

அவர் ஒருவர் மட்டுமல்லர். ரீஜண்ட் பூங்காவிற்கு அருகே அகஸ்டஸ் தெருவில் இந்தியர்கள் பணியாற்றிய ஆம்புலன்ஸ் நிலையம் ஒன்று இருந்தது. 1938-இல் பின்ஸ்பரி நகர மேயரான டாக்டர் சுனிலால் கத்தியால், போர் வந்ததும் தற்காப்புப் பணியில் மருத்துவ அதிகாரியாக உழைத்தார். குண்டுகளால் பெரிதும் சிதைந்த கிழக்கு லண்டனில், பெத்னல் கிரீன் பகுதியில் மருத்துவராக இருந்தவர் டாக்டர் பல்தேவ் கௌஷல். தாக்குதலின்போது அவர் காட்டிய துணிவுக்காகப் பின்னர் எம்.பி.ஈ. விருது பெற்றார்.

நைஜீரியாவிலிருந்து வந்த எக்பென்யான் என்ற வார்டனின் அனுபவம் சிந்திக்கத் தக்கது. அவர் பொறுப்பிலிருந்த புகலிடத்தில், அயல்நாட்டினர் தங்கள் நாட்டுக்கே போகட்டும் என்று சிலர் முணுமுணுத்தனராம். தானும் அயல்நாட்டவரே ஆன அவர் கோபப்படவில்லை. நட்போடும் ஒத்துழைப்போடும் இருக்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொண்டார். வெளியே குண்டு விழும்போதும் உள்ளே இடத்துக்குச் சண்டை போடுவது மனித இயல்பு போலும்!

அப்பாவின் மூன்று நாள்

இவற்றைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பலர் போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவது வழக்கம். என் தந்தையும் அப்படிப் போய், வாரக்கணக்கில் லயத்தில் தங்குபவர். 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தில் பெருமழை பெய்து, பல இடங்களில் மலை சரிந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

"நமக்கு அது என்ன சொந்த ஊரா? எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பி வாங்க" என்று அம்மா போனில் அழுதார். "பாட்டி ஒருத்தரத் தூக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துல விட்டிருக்கோம். இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வந்துடுறேன்" என்றார் அப்பா. மூன்று நாள் கழித்தே வீடு வந்து சேர்ந்தார். வந்தவருடன் நான் இரண்டு நாள் பேசவில்லை. எங்களைவிட யாரோ ஒரு பாட்டி பெரிதாகப் போய்விட்டாரா என்பது என் கோபம்.

அந்தப் பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார், அவரால் நடக்க முடியாது என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகு எப்படி விட்டுவிட்டு வருவது? லண்டன் வார்டன்களைப் பற்றிப் படித்த பிறகே இது எனக்கு விளங்கிற்று. சென்ற வாரம் அப்பாவிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, "இத்தனை வருஷம் கழிச்சா?" என்றார்.

அன்புத் தோழியரே! படிப்புக்காகவும் வேலைக்காகவும் நாளை நாமும் ஏதேனும் ஒரு அயலூரில் வாழப் போகிறோம். அங்கே நமக்குப் பிடிக்காதவை இருக்கலாம். நியாயமான கோபமும் இருக்கலாம். ஆயினும் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் நடக்க முடியாதவர் யார் என்பதையாவது அறிந்து வைப்போமாக!