ஓவியத்தில் ஒரு கொடிவழி

மெக்சிக்கோ நாட்டு ஓவியர் பிரீடா காலோ, 1936 ஆம் ஆண்டில், சிறியதொரு துத்தநாகத் தகட்டில் தமது குலவழியைத் தீட்டினார். நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் உள்ள அப்படத்தில், கொயோவக்கானில் உள்ள தம் குடும்ப வீட்டு முற்றத்தில் ஆடையற்ற சிறுமியாக அவரே நிற்கின்றார். கையிற் பற்றிய செந்நிற நாடா மேலெழுந்து, முகில்களிடையே தோன்றும் பாட்டன் பாட்டியரைச் சேர்கின்றது. தாய்வழியினர் மெக்சிக்கோவின் நிலத்துக்கு மேலே. தந்தைவழியினர் கடலுக்கு மேலே. தாயின் தந்தை அந்நாட்டு முதுகுடி மரபினர். தாயின் தாயார் ஸ்பானிய வழியினர். தந்தையோ ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய புகைப்படக் கலைஞர்.

நடுவே பெற்றோர் தம் மணக்கோலப் புகைப்படத்தில் இருந்தவாறே தோன்றுகின்றனர். ஆயினும் தாயின் வெண்ணிற ஆடைமீது, புகைப்படத்தில் இல்லாத ஒன்றை மகள் சேர்த்துள்ளார்: தொப்புட்கொடியோடு கூடிய, இன்னும் பிறவாத சிசு. கொடிவழி, தொப்புட்கொடி என இரண்டையும் ஒரு சொல்லாற் குறிக்கும் தமிழருக்கு இப்படம் எளிதில் விளங்கும். இன்னொன்றும் நோக்கத்தக்கது. பிரீடாவின் முகத்துக்கே உரியதென உலகம் அறிந்த அடர்ந்த புருவங்கள், கடலுக்கு அப்பாலிருந்த ஜேர்மன் பாட்டியின் முகத்தில் தீட்டப்பட்டுள்ளன.

ஹிட்லரின் அரசு 1935 இல் நியூரம்பேர்க் சட்டங்களை இயற்றி, ஒருவரின் பாட்டன் பாட்டியர் நால்வரையும் கொண்டு அவருடைய குடியுரிமையை அளக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டிலே பிரீடா தம் நால்வரையும் வரைந்தார். கலப்பை மறைக்காது ஒரே நாடாவிற் கோத்தார். தந்தையார் யூத வழியினர் என்றும் அவர் சொல்லிவந்தார். ஆனால் 2005 இல் ஜேர்மனியில் வெளியான ஆய்வொன்று, அம்முன்னோர் லூதரன் கிறித்தவர் என்று காட்டிற்று. பிறந்த ஆண்டையும் அவர் மாற்றிக்கொண்டதுண்டு: 1907 இல் பிறந்தவர், மெக்சிக்கோப் புரட்சி தொடங்கிய 1910 ஐயே தமதென்றார். பாடசாலை இடாப்பு இதனைப் பொறுக்காது! எனினும் அதனைப் பொய்யென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. எவரோடு சேர்த்து எண்ணப்பட விரும்பினார் என்பதற்கு அதுவே சான்று.

கணவர் தியேகோ ரிவேராவிடமிருந்து மணவிலக்குப் பெற்ற 1939 இல், 'இரு பிரீடாக்கள்' என்னும் பேரோவியத்தை அவர் வரைந்தார். இங்கே முன்னோர் இல்லை. அவர்தம் இரு வழிகளும் இரு பெண்களாய்க் கைகோத்து அமர்ந்துள்ளன. ஒருத்தி ஐரோப்பிய வெள்ளாடையினள். மற்றவள் மெக்சிக்கோவின் தெகுவானாப் பெண்டிரின் உடையினள். இருவர் இதயங்களும் வெளியே தெரிகின்றன; ஒரே நரம்பு அவற்றை இணைக்கின்றது. வெள்ளாடையினள் அந்நரம்பின் அறுந்த முனையைக் கத்தரி போன்ற கருவியாற் பிடித்திருக்கின்றாள். ஆயினும் குருதி நிற்கவில்லை. அவள் பாவாடையில் வீழ்ந்து, அங்குள்ள சிறு செம்மலர்களோடு கலக்கின்றது.