பள்ளிகளில் பகடிவதையும் பார்த்து நிற்போர் கடமையும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இரண்டு நம்பிக்கைகளையும் உடன் அனுப்புகின்றனர். பிள்ளை கற்றுத் திரும்பும் என்பது ஒன்று; நலமாகத் திரும்பும் என்பது மற்றொன்று. முதல் நம்பிக்கை நிறைவேறுகின்றதா என்று அறியத் தேர்வும் மதிப்பெண் பட்டியலும் உள்ளன. இரண்டாவதை அறிய அத்தகைய அளவுகோலை நாம் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் பெயருக்கு நேரே தொடர்ந்து விழும் விடுப்புக் குறியே சில வேளைகளில் அதற்குச் சான்றாகி விடுகின்றது.

நான் சிற்றூர் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பயின்றபோது, திக்கிப் பேசும் தோழன் ஒருவன் எங்களுடன் படித்தான். ஆசிரியர் வகுப்பை விட்டு நீங்கியதும் இருவர் அவனை எழுப்பி நிறுத்தி, அவன் பெயரைச் சொல்லச் சொல்வர். அவன் முதல் எழுத்திலேயே திணறுவான், வகுப்பு சிரிக்கும். நாள்தோறும் இது நடந்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் வரவில்லை. தந்தையுடன் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனை வருத்தியவர் இருவர், சிரித்தவர் சிலர், தலைகுனிந்து புத்தகத்தைப் புரட்டியவர் பலர். அப்பலருள் நானும் ஒருவன். இக்கட்டுரை அவ்விருவரைக் காட்டிலும் எங்களைப் பற்றியதே எனலாம்.

பகடிவதை யாது?

சிறுவர் தம்முள் சண்டையிடுவதும் கேலி பேசிக்கொள்வதும் இயல்பு. அவை யாவும் பகடிவதை ஆகா. சம வலிமையுள்ள இருவர் மோதிக்கொண்டு மறுநாள் கூடி விளையாடுவது சண்டை. ஆங்கிலத்தில் 'புல்லியிங்' என வழங்கும் பகடிவதை அதனின் வேறானது. சுவீடனில் பிறந்து நார்வே நாட்டுப் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஓல்வேயஸ் (1931–2020) அதற்கு மூன்று இலக்கணங்களை வகுத்தார். துன்புறுத்தும் நோக்கம் இருத்தல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், துன்புறுவோன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவாறு வலிமை ஏற்றத்தாழ்ந்து நிற்றல் என்பன அவை.

இங்கு வலிமை என்றது உடல் வலிமையை மட்டுமன்று. எண்ணிக்கை, செல்வம், சாதி, வயது, பேச்சுத்திறன் ஆகிய அனைத்தும் வலிமைகளே. அடித்தலும் பொருளைப் பறித்தலும் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள். பட்டப்பெயர் சூட்டுதல், விளையாட்டில் சேர்க்காது ஒதுக்குதல், அவதூறு பரப்புதல் ஆகியன கண்ணுக்குத் தெரியாதவை. கைப்பேசி வந்த பின்னர் இவ்வதை பள்ளி மணி அடித்ததும் நிற்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்கள் வழியே வீட்டிற்குள்ளும் தொடர்ந்து வருகின்றது.

நார்வே கற்பித்த பாடம்

1982ஆம் ஆண்டின் இறுதியில் வட நார்வேயில் பத்து முதல் பதினான்கு வயதிற்குட்பட்ட மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். பள்ளித் தோழர்களின் கொடுமையே காரணமாக இருக்கக்கூடும் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது எடுக்கப்பட்ட கணக்கின்படி, மாணவருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் துன்புறுவோராகவும் 7 விழுக்காட்டினர் துன்புறுத்துவோராகவும் இருந்தனர்.

ஓல்வேயஸ் பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 2,500 மாணவரை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார். அங்கே கையாளப்பட்ட முறைகள் எளியவை. முதலில் பெயர் குறிப்பிடாத வினாத்தாள் வழியே உண்மை நிலை அறியப்பட்டது. இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை செம்மைப்படுத்தப்பட்டது. பிறரை வதைக்கமாட்டோம், வதைபடுவோர்க்கு உதவுவோம், தனித்து நிற்போரை உடன் சேர்த்துக்கொள்வோம் என்னும் பொருளில் வகுப்பு விதிகள் அமைந்தன. வகுப்புக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. துன்புறுத்தியோரிடமும் துன்புற்றோரிடமும் இருவர்தம் பெற்றோரிடமும் தனித்தனியே பேசப்பட்டது. இதன் விளைவாகப் பகடிவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அவருடைய ஆய்வுகளில் நாம் கருதத்தக்க செய்திகள் வேறு சிலவும் உண்டு. பள்ளியின் அளவோ வகுப்பின் அளவோ இக்கொடுமைக்குக் காரணமாகக் காணப்படவில்லை. இடைவேளையில் மேற்பார்வை செய்யும் ஆசிரியர் எண்ணிக்கை மிகுந்த பள்ளிகளில் வதை குறைந்து காணப்பட்டது. ஆகவே, 'எங்கள் பள்ளியில் கூட்டம் மிகுதி, என் செய்வது?' என்று நாம் கைவிரிக்க இயலாது.

துன்புறுத்தும் மாணவனும் மீட்கப்பட வேண்டியவனே. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பிறரை வதைப்போர் என அடையாளம் காணப்பட்ட சிறுவருள் 60 விழுக்காட்டினர் தம் இருபத்துநான்கு வயதிற்குள் ஒருமுறையேனும் குற்றத் தண்டனை பெற்றிருந்தனர் என்று ஓல்வேயஸ் கண்டறிந்தார். 'பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள்' என்று இன்று நாம் கண்டும் காணாது விடுவது அவனுக்கும் செய்யும் தீங்கே ஆகும்.

மூன்றாமவர் யார்?

வதைப்போன், வதைபடுவோன் என்னும் இருவரை மட்டுமே நாம் காண்கின்றோம். மூன்றாமவரை மறந்துவிடுகின்றோம். கனடாவில் டொரன்டோ நகரப் பள்ளி விளையாட்டிடங்களில் ஒளிப்படக் கருவியும் ஒலிவாங்கியும் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தப்பட்டது. அது 2001ஆம் ஆண்டு வெளியாயிற்று. பதிவான நிகழ்ச்சிகளுள் 88 விழுக்காட்டில் பிற மாணவர் உடனிருந்தனர். அவர்கள் குறுக்கிட்டவை 19 விழுக்காடு மட்டுமே. எனினும் அவ்வாறு குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்தே விநாடிகளுக்குள் வதை நின்றுபோயிற்று.

பத்து விநாடி என்பது ஒரு வாக்கியம் சொல்லும் நேரம். 'விடுடா, போதும்' என்ற ஒரு சொல்லுக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்று எட்டாம் வகுப்பில் எங்களுக்கு எவரேனும் சொல்லியிருப்பின், அத்தோழன் படிப்பைத் தொடர்ந்திருக்கவும் கூடும்.

இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி தலைமையிலான குழுவினர் 'கிவா' என்னும் திட்டத்தை உருவாக்கினர். 2009 முதல் அது அந்நாடு முழுவதும் பரவியது. வேடிக்கை பார்ப்போரின் சிரிப்பே வதைப்போனுக்குக் கிடைக்கும் பரிசு. அப்பரிசை நிறுத்தினால் வதையும் தளரும் என்பதே அதன் உட்கருத்து.

நம் மண்ணில்

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னர், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கல்லூரிகள் விழித்துக்கொண்டன. பள்ளிகளோ 'அது கல்லூரி நோய்' என்றே பெரிதும் கருதியிருந்தன.

2023 ஆகஸ்டுத் திங்களில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்தது அந்நினைப்பைத் தகர்த்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சார்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் இல்லத்திலேயே, உடன் பயின்ற மாணவரால் அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுண்டார். பள்ளியில் தமக்கு நேர்ந்த சாதித் தொல்லையை அம்மாணவர் ஆசிரியரிடம் தெரிவித்திருந்தார் என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. சொல்லும்படி நாம் பிள்ளைகளை வற்புறுத்துகின்றோம். சொன்னவரைக் காக்கும் ஏற்பாட்டைச் செய்யத் தவறுகின்றோம். காப்பில்லாத முறையீடு, முறையிட்டவரையே இடருக்கு உள்ளாக்கிவிடும்.

இதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், மாணவரை அகர வரிசைப்படி அமர்த்துதல், 500 மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலரை நியமித்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளுள் சில.

செய்யத்தக்கன

1. இடமறிதல்: வதை வகுப்பறையில் பாடம் நடக்கும்போது நிகழ்வது குறைவு. கழிப்பறைப் பின்புறம், குடிநீர்க் குழாயடி, சத்துணவு வரிசை, மாடிப்படி, பேருந்து நிறுத்தம் ஆகியனவே அதன் களங்கள். எந்த இடத்திற்குச் செல்ல அஞ்சுகின்றாய் என்று மாணவரையே பெயரின்றி எழுதச் செய்து, அவ்விடங்களில் ஆசிரியரை நிறுத்த வேண்டும்.

2. முறையீட்டைக் காத்தல்: பெயரை வெளியிடாமை முதற்கடமை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் வழக்கம், சம வலிமையுள்ளோர் சண்டைக்குப் பொருந்தலாம், பகடிவதைக்குப் பொருந்தாது. முறையிட்ட பிள்ளையிடம் மறுநாளும் மறுவாரமும் தனியே நலம் கேட்டறிதல் வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022இல் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி போன்றவை, ஒழுங்காகத் திறந்து படிக்கப்பட்டால் மட்டுமே பயன் தரும்.

3. ஆசிரியர் தம்மை நோக்குதல்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருதலையும் தடை செய்துள்ளது. ஒரு மாணவனை அவன் நிறத்தாலோ குலத்தாலோ ஆசிரியரே விளித்து நகைத்தால், மற்றவர்க்கு அதுவே உரிமச்சீட்டு ஆகிவிடும்.

4. பெற்றோரும் ஊர்ப் பெரியோரும்: மேற்கூறிய சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர். கட்டடத்தையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசும் அக்கூட்டத்தில், பிள்ளைகளின் அச்சத்தைப் பற்றியும் ஒரு பொருள் இடம்பெறட்டும். காரணமின்றி வயிற்றுவலி என்றல், புத்தகமும் காசும் அடிக்கடி தொலைதல், பள்ளிக்கு வேறு வழியே சுற்றிச் செல்லுதல் ஆகியன பெற்றோர் கவனிக்க வேண்டிய குறிகள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்களைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

5. மாணவர்: வலியவனை எதிர்த்து மோதும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் சிரிக்காதிருக்கலாம், படம் எடுத்துப் பரப்பாதிருக்கலாம், வருந்துவோன் அருகில் சென்று அமரலாம், நம்பத்தக்க பெரியவரிடம் சொல்லலாம். காட்டிக்கொடுத்தல் வேறு, காத்தல் வேறு. ஒருவனைச் சிக்கவைக்கச் சொல்வது முன்னது. ஒருவனைத் துன்பத்திலிருந்து மீட்கச் சொல்வது பின்னது.

நிறைவாக

சுற்றுச்சுவரும் காவலாளியும் கண்காணிப்புக் கருவியும் வெளியிலிருந்து வரும் இடரைத் தடுக்கக்கூடும். உள்ளேயே பிறக்கும் அச்சத்தைப் போக்குவதற்கு உடனிருப்போரின் ஒரு சொல்லும், அச்சொல்லைக் காக்கும் ஆசிரியரும் வேண்டும். இம்மலரைக் கையில் ஏந்தியுள்ள மாணவருள் பலர் நாளை ஆசிரியராகப் பள்ளி வாயிலில் நுழைவர். வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளை எழுந்து நிற்கையில், அவன் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை வகுப்பு முழுவதும் அமைதியாகக் காத்திருக்குமாறு அவர்கள் செய்வார்களாயின், அன்று வாய் திறவாதிருந்த எங்கள் பிழைக்கு அதுவே ஓரளவு கழுவாய் ஆகும்.