நத்தம் சாலையில் ஒரு பெயர்க் கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் நேரே போனால் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஊரே திரளும் இடம். அதே சாலையில் வழியிலேயே பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சிறுமலை. பளியர் பழங்குடியினர் வாழும் மலை.

2024-இல் அந்தக் கிரிக்கெட் போட்டியில் ஆடியவை 8 அணிகள். கோப்பை நம்ம திண்டுக்கல் டிராகன்ஸுக்கு. டிராகன் இந்த மலையிலும் இல்லை, சமவெளியிலும் இல்லை. சேலத்து அணிக்குக் கிரேக்க ஸ்பார்ட்டன்களின் பெயர். திருப்பூர்க்காரர்கள் தமிழன்ஸ் என்று தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பழங்குடிப் பெயர் சூடிய அணி 8-இல் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் கணக்கைப் பார்த்த பிறகு, இல்லாததே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி 1933 முதல் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரில் ஆடியது. பூர்வகுடிகளைத் தோலின் நிறத்தால் இழிக்கும் சொல் அது. பூர்வகுடிகளின் அமைப்பான 'அமெரிக்க இந்தியர்களின் தேசிய காங்கிரஸ்' இத்தகைய பெயர்களுக்கு எதிராக 1968-இல் இயக்கம் தொடங்கியது. 1992-இல் பூர்வகுடிச் செயற்பாட்டாளர் சூசன் ஹார்ஜோவும் வேறு 6 பேரும் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயரின் வணிகச் சின்னப் பதிவை ரத்துசெய்யக் கோரினார்கள். 17 ஆண்டுகள் அலைந்த பின், 2009-இல் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. அடுத்த தலைமுறை இளைஞர்கள் மறுபடி மனுப் போட்டு 2014-இல் வென்றார்கள். 2017-இல் வேறொரு வழக்கின் தீர்ப்பு அந்த வெற்றியையும் வலுவிழக்கச் செய்தது.

அணியின் வரவுப் பக்கம் இப்படி: 1999-இல் மைதானத்தோடு சேர்த்துக் கைமாறிய விலை 80 கோடி டாலர். மைதானத்துக்குப் பெயர் சூட்ட ஃபெடெக்ஸ் நிறுவனம் ஒப்புக்கொண்டது 27 ஆண்டுகளுக்கு 20.5 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 76 லட்சம். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, 62,000 கோடி டாலர் சொத்தைக் கையாளும் முதலீட்டாளர்கள் கூடி, அணியின் புரவலர்களான ஃபெடெக்ஸ், நைக்கி, பெப்சி நிறுவனங்களை நெருக்கினார்கள். ஜூலை 2-ஆம் தேதி ஃபெடெக்ஸ் பெயரை மாற்றச் சொன்னது. 13-ஆம் தேதி அணி பெயரைக் கைவிட்டது. மக்கள் கேட்டது 52 ஆண்டுகள். பணம் கேட்டதும் 11 நாளில் முடிந்தது. ஆனாலும் அந்த 52 ஆண்டு உழைப்பு இல்லையென்றால் முதலீட்டாளர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்திருக்காது. பெயர் போனதால் அணிக்கு நட்டமும் இல்லை: 2023-இல் அது விலைபோனது 605 கோடி டாலருக்கு.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2005-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு தன் சாம்பியன்ஷிப் போட்டிகளில் பூர்வகுடிச் சின்னங்களுக்குத் தடை விதித்தபோது புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விலக்குக் கிடைத்தது. காரணம், பெயருக்குரிய செமினோல் மக்கள் சம்மதம் தந்திருந்தார்கள்.

நம் மாநிலத்திலும் ஒரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியின் சின்னம் ஒரு யானை. அதன் பெயர் 'பொம்மன்'. அந்த ஆண்டு ஆஸ்கர் வென்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் வரும் முதுமலை யானைப் பாகர், காட்டுநாயக்கர் இனத்தவர், அவர் பெயரும் அதுதான். ஆஸ்கரை ஒட்டி அரசு அறிவித்தது: இயக்குநருக்கு 1 கோடி ரூபாய், இரண்டு யானை முகாம்களின் பாகர்கள், அவர்களின் உதவியாளர்களான காவடிகள் 91 பேருக்குத் தலா 1 லட்சம், அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி. பிரித்தால் ஆளுக்கு 10 லட்சத்தில் வீடு. நல்ல செலவு. போட்டி நடந்த அதே ஆகஸ்டில், படக்குழுவிடம் 2 கோடி கேட்டு பொம்மன், அவர் மனைவி பெள்ளி தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்தது. நோட்டீஸில் இருந்த குற்றச்சாட்டைப் படத் தரப்பு மறுத்தது. அன்போடு வைத்த பெயர் அது, வாஷிங்டன் பெயரோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் ஒருவர் பெயரைப் பொம்மையிலும் சட்டையிலும் போட்டால், அந்த விற்பனையில் ஒரு பங்கு முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போக வேண்டும் என்பேன்.

இனி சிறுமலைப் பளியர்களின் பெயர்க் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை 21,59,775. அதில் பழங்குடியினர் 0.37 சதவீதம், சுமார் 8 ஆயிரம் பேர். மாநிலம் முழுக்க 7,94,697. அன்றைய மாநிலப் பட்டியலில் பழங்குடிப் பெயர்கள் 36. அதில் 30, 31, 32-ஆம் எண்களைப் பாருங்கள்: பள்ளேயன், பள்ளியன், பள்ளியர். ஊர் அறிந்த பெயர் பளியர். பட்டியலிலோ அதன் சாயலில் மூன்று பெயர்கள். 1989 நவம்பருக்கு முன் தாசில்தார் தந்த பழங்குடிச் சான்றை இப்போது கோட்டாட்சியர்தான் தர முடியும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். பிறகு விசாரணை. பெற்றோரிடமே சான்று இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த மூன்றில் தன் பெயர் எது என்று நிரூபிப்பதுதான் முதல் வேலை.