விதைக்குடுவையும் வீட்டுத் தோட்டமும்

வீட்டுத் தோட்டம் செய்ய விரும்பி என்னிடம் யோசனை கேட்க வரும் ஆசிரிய நண்பர்கள் பெரும்பாலும் எருவைப் பற்றியே வினவுகின்றனர்; சிலர் பூச்சியைப் பற்றிக் கேட்பர். விதையைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. கடையிற் கிடைக்கும் பொருள்தானே என்னும் எண்ணம் போலும். யாழ்ப்பாணத்து வளவிலே காய்கறி பயிரிடப் புகுவோர் முதலில் ஆராய வேண்டியது விதையின் பிறப்பையே என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி எவர் நினைவையும் விட்டு நீங்கியிராது. அதற்கு முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சில மாதங்களின் பின் அத்தடை தளர்ந்தது. 2022 யூனில், அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் ஊக்கியது. எங்கள் ஒழுங்கையிலும் மண்வெட்டியின் ஓசை கேட்டது. பலர் கலப்பினத் தக்காளி விதை வாங்கி நாற்றிட்டனர். முதற்போகம் நன்றாகவே காய்த்தது. அந்தப் பழங்களின் விதையை எடுத்து மறுபோகம் இட்டபோது, ஒரே பாத்தியில் உருண்டைக் காயும் நீளக் காயும் தோன்றின. சில செடிகள் பெயருக்கு இரண்டு காய் காய்த்து நின்றன. விதை கெட்டுவிட்டது என்றனர்.

விதை கெடவில்லை. மாறுபட்ட இரு பெற்றோரைக் கூட்டிப் பெறும் முதற் தலைமுறை ஒருசீராயிருக்கும். அதன்வழி வரும் இரண்டாந் தலைமுறையில் மறைந்திருந்த இயல்புகள் பிரிந்து வெளிப்படும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் ஆராய்ந்து 1866இல் வெளியிட்ட உண்மை இது. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் 3:1 என்னும் விகிதம், கடைக் கலப்பினத்தில் அத்துணை நேராக வராது. பல இயல்புகள் ஒருங்கே பிரிவதே காரணம். ஆயினும் பிரிவு என்பது யாதென்பதை மாணவர் கண்ணாற் காணலாம்.

கலப்பினத்தை நான் பழிக்கவில்லை. விளைச்சலும் நோய் தாங்கும் வலிமையும் அதில் உண்டு. ஆனால் அதை நம்புவோர் போகந்தோறும் கடைவாயிலில் நிற்க வேண்டும்.

என் தாயார் அவ்வாறு நின்றதில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில், சாம்பலிற் புரட்டிய விதைகள் சுரைக்குடுவைகளில் இருந்தன. புகை படும் இடத்தைப் பூச்சி அணுகாது. 1995 ஐப்பசியில், மாரிமழைக்கு நாற்றுமேடை போடும் வேளையிலே, வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தோம். கையில் எடுத்தவற்றுள் குடுவைகள் இல்லை. 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது கூரை விழுந்திருந்தது. பரணைக் கறையான் தின்றிருந்தது. மூன்று தலைமுறையாக வைத்திருந்த கத்தரி இனம் அன்றோடு அழிந்ததென்றே எண்ணினோம். பல ஆண்டுகளுக்கு முன் அம்மாவிடம் ஒரு பிடி விதை வாங்கிச் சென்ற வடமராட்சி உறவினர் ஒருவரின் வளவில் அது காய்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கண்டதும் காயைப் பார்க்கவில்லை. முள்ளைத் தடவிப் பார்த்தே இனங்கண்டார்.

ஆகவே தோட்டத்தைத் தாளில் வரையும்போதே விதைச் செடிக்கும் இடம் ஒதுக்குக. கறிக்குப் பறிக்கும் கத்தரியிலும் விதைக்கு விடும் கத்தரி பல வாரம் கூடுதலாகச் செடியில் நிற்கும். காய் மஞ்சளாகிப் பழுத்த பின்னரே விதை முற்றும். அவ்விடத்தை முன்னரே ஒதுக்காதவர், அடுத்த பயிருக்காக அச்செடியைப் பிடுங்கிவிடுவர். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் பின் மற்றொன்றை அதே பாத்தியில் நட்டால் வாடல்நோய் மண்ணிலே தங்கும். இடையிற் பயற்றை இடுவது நன்று.

நாற்றுமேடையின் மேல் வைக்கோல் பரப்பி எரித்து, ஆறிய பின் விதைப்பது நாற்றழுகலைக் குறைக்கும். நெருக்கி விதைத்து நீரைக் கொட்டுவோருக்கு அதுவும் உதவாது. பழைய விதையாயின், பத்து மணிகளை ஈரத்துணியிற் சுற்றி வைத்து முளைப்பதை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தே முளைத்தால் இருமடங்கு விதைக்க வேண்டும் என்பது தெளிவு.

தக்காளி விதையை அதன் கூழோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டுக் கழுவினால், மேலுள்ள வழுவழுப்பு நீங்கும். பின் நிழலில் உலர்த்துக. தக்காளியும் பயற்றையும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. இனம் எளிதில் கலவாது. கத்தரியில் தேனீ சிறிது கலப்புச் செய்யும். பூசணி, புடலை, பாகல் ஆகியவற்றிலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அயல் வளவு இனத்தின் மகரந்தம் தாராளமாக வந்து சேரும்.

புடலையின் வெண்பூ அந்தியில் விரிவது. அன்று விரியப்போகும் பெண்மொட்டையும், கொத்தாக நிற்கும் ஆண்மொட்டுகளில் ஒன்றையும் மாலைக்கு முன் நூலால் மெல்லக் கட்டிவிட வேண்டும். இருட்டியதும் விளக்கோடு பந்தலின் கீழ்ச் சென்று, கட்டவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, மீண்டும் கட்டுக. காய் பிடித்ததும் காம்பிலே ஒரு சிவப்பு நூலை அடையாளமாக முடிந்துவிடலாம். அந்தக் காயைக் கறிக்குப் பறிக்கலாகாதென்று அடுக்களையிலும் சொல்லி வைக்க வேண்டும்.