வேலியே பயிரை மேய்ந்தால்

புகைபிடிக்கும் அன்பர்களிடம் அதன் தீங்கினை எடுத்துரைத்தால், அவர்களுட் பலர் கூறும் விடை ஒன்றே: "எனக்குத்தான் இருமல் இல்லையே!" கற்றறிந்தோர் வாயிலும் இவ்விடையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இருமல் இல்லையெனின் நெஞ்சு நலமாயிருக்கிறது என்னும் இந்நம்பிக்கை எத்துணை உறுதியானது என்பதை ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

சிகரெற்றின் புகையில் 7000இற்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் அக்குரோலீன், போமல்டிகைட்டு, ஐதரசன் சயனைட்டு ஆகியவை முதலிற் சென்று தாக்குவது சுவாசக் குழாயின் உட்சுவரை. அங்கே பிசிர்கள் எனப்படும் நுண்மயிர்கள் இடையறாது அசைந்து, தூசி படிந்த சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. புகை பட்டதும் அவற்றின் அசைவு குன்றுகிறது. சீதத்தைச் சுரக்கும் சுரப்பிகளோ பருத்து, மேலும் மேலும் சுரக்கின்றன. துடைப்பம் ஓய்ந்த வீட்டிற் குப்பை பெருகுவது போன்ற நிலை இது. அதனை வெளியேற்ற எஞ்சியிருக்கும் வழியே இருமல்.

ஆயினும், பெருங்கேடு நிகழ்வது இதனினும் ஆழத்திலாகும். கையிலே காயம் பட்டால் அவ்விடம் சிவந்து வீங்குகிறதன்றோ? அதுவே அழற்சி. காயம் ஆறியதும் அது தணிந்துவிடும். புகைப்பவரின் நெஞ்சிலோ, ஒரு காயம் ஆறுமுன் அடுத்த சிகரெற் மற்றொன்றை உண்டாக்குகிறது. அந்நியப் பொருளை விழுங்கும் தின்குழியங்கள் அபாயக் குரல் எழுப்ப, இரத்தத்திலிருந்து வெண்குருதிச் சிறுதுணிக்கைகள் திரண்டு வருகின்றன. கிருமிகளை அழிப்பதற்கென அவை வைத்திருக்கும் நொதியங்கள், நுரையீரலின் மீள்தன்மை நார்களையும் அரிக்க வல்லவை.

இவ்வரிப்பைத் தடுக்க உடலிலே ஒரு காவற் புரதம் உண்டு. 1963இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களான லோரெல், எரிக்சன் என்போர், பிறவியிலேயே இப்புரதம் குறைந்தோரைக் கண்டறிந்தனர். அத்தகையோருட் பலருக்கு இளவயதிலேயே நுரையீரற் சிற்றறைகள் சிதைந்துவிடுகின்றன. பின்னர் வந்த ஆய்வுகள், புகையிலுள்ள ஒட்சியேற்றும் பொருள்கள் இப்புரதத்தைச் செயலிழக்கச் செய்வதைக் காட்டின. காவலன் வீழ்ந்தபின் படைவீரர் தம் கோட்டையையே இடிக்கின்றனர். வேலியே பயிரை மேய்கிறது. சிறு குழாய்களின் சுவர்கள் தடித்துத் தழும்பேறுகின்றன. அவற்றை விரித்துப் பிடித்திருந்த நார்களும் அறுகின்றன. அதனால் உள்ளிழுத்த மூச்சு எளிதில் வெளியேற மாட்டாது தேங்குகிறது.

இக்கேடு இருமலால் தன்னை அறிவித்துக்கொள்ளுமா? இலண்டன் மாநகரிற் பணிபுரிந்த 792 ஆண்களை 1961 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார் வைத்தியர் சாள்ஸ் பிளெச்சர். பெருகும் சளியே நாளடைவில் மூச்சை அடைக்கிறது என்பது அக்காலத்தில் வலுவாயிருந்த கருத்து. ஆனால், சளியும் மூச்சிழப்பும் புகையினின்று தோன்றும் இரு வேறு கேடுகள் என்பதே அவரும் றிச்சட் பீற்றோவும் 1977இல் வெளியிட்ட முடிவு. சளியே இல்லாதவரும் மூச்சை இழக்கக்கூடும். புகைப்போர் அனைவருக்கும் இவ்விழப்பு ஒரே அளவில் நேர்வதில்லை. நேர்வோர்க்கோ அது நோவின்றி, ஆண்டாண்டாக நிகழ்கிறது. நுரையீரலின் ஆற்றல் நம் அன்றாடத் தேவையினும் மிகுதியாதலால், பெரும்பகுதி தொலைந்த பின்னரே படியேறுகையில் இளைப்புத் தோன்றும்.

அவ்வாய்வு ஓர் ஆறுதலையும் தந்தது. புகையை விட்டவர்கள் இழந்ததை மீளப் பெறவில்லை. ஆனால், மேலும் இழக்கும் வேகம் புகைக்காதவர்களின் அளவுக்குத் தணிந்தது. ஆகவே, நாற்பதில் விடுவதும் நன்றே, முப்பதில் விடுவது அதனினும் நன்று.

புகையிலைப் பயிர்ச்செய்கையாற் குடும்பங்கள் வாழ்ந்த யாழ்ப்பாணத்து மண்ணில், சுருட்டை நச்சென்று பேசுவது எளிதன்று. எனினும், சுருட்டாயினும் சிகரெற்றாயினும், எரியும் இலை எழுப்பும் புகை இத்தகைய நச்சுக்களையே சுமந்து வருகிறது. மாணவருக்கு இதனை உரைக்கும் ஆசிரியர்கள், அச்சுறுத்துவதோடு அமையாது, நெஞ்சினுள்ளே நிகழ்வதை விளக்குவார்களாக. "இருமல் வரட்டும், பார்ப்போம்" என்று காத்திருப்பவன், வாராமலே இருந்துவிடக்கூடிய ஒரு தூதனுக்காகவே காத்திருக்கிறான்.